உள்ளங்கால் வரை ஒரே இழை

சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி அழுத்திச் சூடேற்றிய துண்டு அது. கையில் வைத்திருக்க முடியவில்லை. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே போய் இசக்கியின் உள்ளங்காலில் வைத்தேன்.

"சூடு போதுமா?"

"எங்க சூடு? பச்சத்தண்ணில முக்குன துணி மாதிரில்லா இருக்கு. நல்லாத் தேச்சுக் கொண்டா யக்கா. கரிக்கா பஞ்சம்?"

மறுபடி தேய்த்தேன். துண்டின் ஓரம் பழுப்பேறித் தீய்ந்த வாசம் வந்தது. கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வையி யக்கா. என்ன யோசிக்க?" என்றாள்.

துண்டு அவள் காலில்தான் இருந்தது.

தண்ணீரில் நிற்பவர்கள்

இசக்கி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி முருகேசனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாமிரபரணிக் கரையிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தவள். எங்கள் துறையையும் அதன் கல்தொட்டிகளையும் பற்றி இந்தப் பத்தியில் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும்: ஊர்த் துணியை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிற தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். குடும்பத்துக்கு ஒரு தொட்டி. தொட்டிகளுக்குப் பின்னால் துணி காயப்போடும் மைதானம்.

தண்ணீரில் நிற்கிற தொழில். காலையில் தொட்டியில் இறங்கினால் வெயில் ஏறிய பிறகுதான் கரையேறுவோம். பாதம் வெளுத்துச் சுருங்கி, கொஞ்ச நேரம் மரத்துக் கிடக்கும். நீர்மரப்பு என்று எங்கள் வீட்டில் சொல்வோம். இஸ்திரிச் சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் போய்விடும்.

அதனால்தான் "காலு மரமரன்னு வருது" என்று இசக்கி சொன்னபோது துறையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடை வைத்திருப்பவளாகவோ பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவளாகவோ இருந்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். நாங்கள் துண்டைச் சூடு பண்ணினோம்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு சரியாகியிருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை.

இசக்கியின் காலைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மைதானத்தில் எந்தத் துணியைப் போடுவது என்பதை முடிவு செய்கிற கால் அது. கொச்சியில் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. வெள்ளைத் துணி கஞ்சியும் நீலமும் வாங்கியது. நனைந்தாலோ மெதுவாகக் காய்ந்தாலோ முழு வேலையும் பாழ். நிறத்துணி அவ்வளவு கோபித்துக்கொள்ளாது. இசக்கி காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல் இல்லாத ஓர் இடத்தில் மண்ணை மிதித்து நிற்பாள். கண்ணை மூடுவாள். பிறகு "இன்னைக்கு வெள்ளை" என்பாள், அல்லது "நெறம்". மண்ணுக்குள்ளிருந்து ஈரம் மேலே வருகிறதா, கீழே போகிறதா என்று உள்ளங்காலுக்குத் தெரியும் என்பாள். மேலே வந்தால் மழை, கீழே போனால் வெயில்.

நானும் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு மண் மட்டும்தான் தெரிந்தது.

பக்கத்துத் தொட்டி ராசு அண்ணாச்சி அவளை வானிலை நிலையம் என்று கேலி செய்வார். கேலி செய்துகொண்டே, இவள் கொடியில் என்ன ஏறுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தன் கூடையை எடுப்பார்.

அந்தக் காலில்தான் தீய்ந்த துண்டை வைத்திருந்தேன்.

மறுநாள் காலை அவளால் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. மத்தியானம் கை தூக்க முடியவில்லை. பேச்சு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது. முருகேசன் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைக்கும்போது மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

உள்ளே ஆள் இருக்கிறாள்

லீனா டாக்டர் சின்னப் பெண். நடக்கும்போது முன்னால் சாய்ந்து நடப்பார், எதிர்காற்றில் போகிறவரைப் போல. முருகேசனையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார். கில்லன் பாரே என்று நோய்க்குப் பெயர். முன்பு வந்த வயிற்றுப்போக்கின் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல்காரர்களே ஆள் அடையாளம் தெரியாமல் நரம்புகளை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடி ஓய்கிறவரை மூச்சுக்கு மெஷின் வேண்டும். மருந்து கொடுக்கிறோம். காத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் இசக்கியால் கண் இமையைக்கூடத் தூக்க முடியாமல் போயிற்று. வெள்ளைப் போர்வைக்குள், வாயில் குழாயும் மூக்கில் குழாயுமாகக் கிடந்தாள். ஒரு விரல் அசைவில்லை. முருகேசன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். "போயிட்டா மதினி. உள்ள ஆளே இல்ல" என்றான்.

பின்னாலேயே வந்த லீனா டாக்டர் அதைக் கேட்டுவிட்டார்.

"ஆரு பறஞ்ஞு? ஆள் உள்ளில் முழுசா உண்டு. எல்லாம் கேக்கும். எல்லாம் மனசிலாகும். தலைக்குள்ளே ஒரு கேடும் இல்ல சேட்டா. வெளியே வர வழிதான் அடைஞ்ஞு போயிருக்கு. அவிடெ நின்னு கரையாதீங்க, அழாதீங்க. யாராவது பேசணும். நித்தியம் வந்து பேசணும்."

முருகேசன் என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

வைட்டிலாவரை போன கதை

நான் பேசாதவள். பேச்சு வராததால் அல்ல, வெட்கத்தால். அதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன்.

இசக்கி கல்யாணமாகி வந்த புதிது. பஸ்ஸில் இரண்டு பேரும் தூரத்தில் ஒரு வீட்டுக்குத் துணி கொடுக்கப் போனோம். கூட்டத்தில் அவள் முன்னால் மாட்டிக்கொண்டாள், நான் பின்னால். இறங்க வேண்டிய இடம் வந்தது. அவள் இறங்கிவிட்டாள். 'ஆள் இறங்கணும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் பஸ் நிற்கும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நான் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்திலும் சொல்லவில்லை. பஸ் கடைசி நிறுத்தமான வைட்டிலாவில் போய்த் தானாக நின்று, கண்டக்டர் உட்பட எல்லாரும் இறங்கிய பிறகு, மூட்டையோடு இறங்கினேன்.

அங்கிருந்து எப்படித் திரும்பி வந்தேன் என்பதைவிட, வந்ததும் இசக்கி சொன்னதுதான் நினைவிருக்கிறது.

"யக்கா, நல்லவேளை வைட்டிலாவோட பஸ்ஸு நின்னுது. மெட்ராசுக்குப் போற பஸ்ஸா இருந்தா இந்நேரம் அங்கல்லா வெளுத்துக்கிட்டு இருப்ப."

அன்றிலிருந்து எனக்கும் சேர்த்து அவளே பேசினாள். துணி எண்ணிக்கையில் குறைகிறது என்று துணி கொடுத்த வீடுகளில் சொன்னால் அவள்தான் சண்டை போடுவாள். மீன்காரியிடம் பேரம் அவள். ரேஷன் கடையில் அவள். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். அவளுக்கு ஒன்று என்றால் பேச வேண்டியவள் நான் என்று ஆகும் என்பதை இரண்டு பேருமே நினைத்துப் பார்த்ததில்லை.

முதல் நாள் உள்ளே போனேன். மெஷின் புஸ்ஸென்று ஊதி நின்று ஊதியது. மருந்து வாசம், அதற்கடியில் ஆஸ்பத்திரி வெளுப்பின் வாசம். போர்வையில் நீலம் சரியாக ஏறவில்லை என்று பார்த்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குனிந்து, "இசக்கி, நான்தான். சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

வேறொன்றும் வரவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

சுவரில் ஒரு செடி

அந்த வார்டுக்கு வெளியே நடைக்கூடத்தில் ஒரு பெஞ்சு. அதற்கு எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்தால் வேறு பார்க்க ஒன்றுமில்லை. வேரோடு பிடுங்கித் தலைகீழாகப் பிடித்த கப்பைச் செடி, அதாவது மரவள்ளிச் செடி மாதிரி எனக்குத் தெரிந்தது. மேலே ஒரு பருமன். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் கிளை, கிளைக்குள் கிளை. பருமனுக்கு நடுவே முட்டைக் கரு மாதிரி ஓர் உருண்டை. கீழே நீளமாக ஒரு வால். வாலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கோத்திருந்தது. வாலின் கடைசி மறுபடி பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு மொக்கு.

எழுந்து போய்க் கிளையை விரலால் தொட்டுக்கொண்டிருந்தபோது லீனா டாக்டர் வந்துவிட்டார். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"எந்தா அம்மே நோக்குந்நது?"

"இது என்ன செடி டாக்டரே?"

அவர் சிரிக்கவில்லை. "செடியல்ல அம்மே. நரம்பு செல்லு. இசக்கிச் சேச்சிக்குக் கேடாயது இதாணு."

அன்று அவருக்கு அவசரம். பருமனை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உடனே தோன்றியது: இதைப் போய் இசக்கியிடம் சொல்லலாம். நானாக ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் காலையில் டாக்டர் அந்த வழியாகப் போகும்போது படத்துக்கு முன்னால் நிற்பேன். அவர் ஒரு துண்டு சொல்வார். சாயங்காலம் உள்ளே விடும் சிறிது நேரத்தில் அதை இசக்கியின் காதோரம் சொல்வேன். மலையாளத்தில் கேட்டு, மனசுக்குள் மாற்றி, எங்கள் பேச்சில் சொல்வேன்.

பருமனும் கைகளும்

"இசக்கி, நரம்புன்னா நாம நெனைக்க மாதிரி வெறும் கயிறு இல்லளா. அதுக்குத் தனி ஒடம்பு இருக்கு. ஒடம்புக்கு நடுவுல ஒரு உருண்ட. உட்கருன்னு பேரு. எந்த வேலைய எப்பிடிச் செய்யணும்ங்கது அதுக்குள்ளதான் இருக்கு. அது சொல்லச் சொல்ல, சுத்தி இருக்கவங்க சாமான் செஞ்சு தள்ளுதாங்க."

அந்தச் செல்லின் உடம்புக்குள் அவரை விதை போலச் சின்னச் சின்னதாகச் சில கிடக்கின்றன. நாம் இழுக்கிற மூச்சும் தின்கிற சோறும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்து வலுவாக மாறுகின்றன. மெஷின் ஊதுகிற காற்று எங்கே போகிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். "ஊதுறது வீணாப் போகலளா. அந்த அவரை வெதைக்குத்தான் போகுது" என்று சொன்னேன்.

அடுத்த நாள் கிளைகள். அவை கைகள். மற்ற செல்கள் சொல்வதை வாங்கிக்கொள்வதற்காக நீட்டிய கைகள். எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் சொல்வார்கள். சிலர் 'பேசு' என்பார்கள், சிலர் 'பேசாதே' என்பார்கள். செல் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, பேசத்தான் வேண்டும் என்று பட்டால் மட்டும் பேசும். பேசுவதற்கு ஒரே ஒரு வால்.

கேட்பதற்கு அத்தனை கை, சொல்வதற்கு ஒரு வாய். எனக்கு அந்தச் செல்லின் மேல் அன்றே பிரியம் வந்துவிட்டது.

வால்

வாலைப் பற்றிக் கேட்ட நாளை மறக்க மாட்டேன்.

"அம்மே, இந்த வால் எவ்வளவு நீளம்னு நினைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் படத்தைப் பார்த்து முழம் போட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, தன் நடு முதுகுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்தார். அங்கிருந்து இடுப்பு, தொடை, முழங்கால் என்று வழித்துக்கொண்டே போய்ச் செருப்புக்குள்ளிருந்த கால் பெருவிரலைத் தொட்டார். "இத்தரயும் ஒற்ற செல்லு."

கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி. அதிலிருந்து ஒரு காலின் நீளத்துக்கும் மேலே ஓர் இழை. ஒட்டு இல்லை, முடிச்சு இல்லை. கட்டளை கொண்டுபோக ஒன்று, சேதி கொண்டுவர வேறொன்று. சேதி கொண்டுவருவதன் உடம்பு முதுகெலும்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கால் மண்ணைத் தொட்டால் அதற்குத்தான் முதலில் தெரியும். நடைக்கூடத்தில் நின்றபடியே என் காலைப் பார்த்தேன். இத்தனை வருடம் தண்ணீரில் ஊறிய கால். அதற்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

இன்னும் இருந்தது. வாலின் நுனி தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளாது. பெரும்பாலான சாமான் மேலே உடம்பில்தான் தயாராகிறது. வாலுக்குள் நீள நீளமாக மெல்லிய தண்டவாளங்கள். அவற்றின்மேல் சுமைகாரர்கள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு அடி வைத்து அடி வைத்து நுனிவரை நடக்கிறார்கள். திரும்பும்போது நுனியில் சேர்ந்த அழுக்கையும் பழசையும் தூக்கி வருகிறார்கள்.

மறுநாள் படகில் எர்ணாகுளம் போகும்போது வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் கப்பலில் பெட்டி பெட்டியாகச் சரக்குத் தூக்குவது தெரிந்தது. அது எவ்வளவு சின்ன வேலை என்று தோன்றியது.

இதை இசக்கியிடம் சொல்லும்போது எனக்கே குரல் ஏறிவிட்டது. "அழுக்கு மூட்டை மேல வருது, வெளுத்த மூட்டை கீழ போகுது. கேட்டியாளா? உனக்குள்ளயும் நம்ம தொழில்தான் நடக்கு."

பக்கத்துக் கட்டில் நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. வெளியே வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு லீனா டாக்டர் விடுப்பில் போய்விட்டார். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பருமன், கை, வால் என்று பழையதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கொடியில் வெள்ளை

டாக்டர் திரும்பி வந்ததும் அந்த வெள்ளையைக் கேட்டேன். வாலில் கோத்திருந்ததே, அது.

அவை வேறு செல்களாம். தங்களையே பட்டையாக்கிக்கொண்டு வாலைச் சுற்றிச் சுற்றிப் படிந்துகொள்கின்றன. இசக்கி இஸ்திரிப் பெட்டியின் பிடியில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றுவாள், அதுபோல மேலுக்குமேல். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கொஞ்சம் வால் வெறுமையாகத் தெரியும். சேதி அந்த வெற்றிடத்திலிருந்து அடுத்த வெற்றிடத்துக்குத் தாவித் தாவிப் போகும். அதனால்தான் அவ்வளவு வேகம்.

எங்கள் கொடியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகுவோம். வெள்ளை வேட்டி ஒன்று, கொஞ்சம் கயிறு, அடுத்த வேட்டி, கொஞ்சம் கயிறு.

"காவல்காரங்க அடிச்சது இந்த வெள்ளையை" என்றார் டாக்டர். துணி கிழிந்து விழுந்துவிட்டது, சேதி தாவ முடியாமல் வழியிலேயே செத்துவிடுகிறது. துணி திரும்ப வருமா என்று கேட்டேன். வரும், மெதுவாகச் சுற்றிக்கொள்ளும் என்றார்.

பிறகு கொஞ்சம் தயங்கினார். கரண்டு வைத்துப் பார்த்த சோதனையில் மேல்பகுதியில் துணி மட்டும்தான் போயிருக்கிறது. கால் பக்கம் கயிறும், அதாவது வாலும், கொஞ்சம் அடிபட்டிருக்கிறது. கயிறு அறுந்தால் மேலே இருக்கும் உடம்பு சாகாமல் இருக்கிறவரை அது மறுபடி வளரும். ஆனால் நகம் வளர்கிற மாதிரி. பாதம்வரை வந்து சேருமா என்று இப்போது சொல்ல முடியாது.

"நடப்பாளா?"

"நடக்கும்னு நினைக்கிறேன்."

"மண்ணு தெரியுமா காலுக்கு?"

இந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை. இசக்கி காலையில் நிற்பதைச் சொன்னேன். வானிலை நிலையத்தைச் சொன்னேன். அவர் நடக்காமல் நின்று முழுவதும் கேட்டார். "எனிக்கறியில்ல அம்மே" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த முகம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

அன்று சாயங்காலம் நான் எதையும் மறைக்கவில்லை. "மேல கயிறு இருக்குளா. துணிதான் போச்சு. துணி போட நமக்கா தெரியாது? காலுப் பக்கம் மட்டும் கயிறும் கொஞ்சம் நைஞ்சிருக்காம். வளருமாம். நீ அவசரப்படாத" என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து, சுமைகாரர் கதையை எத்தனையாவது முறையோ சொல்லிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது புருவம் சுருங்கியது. எரிச்சல் வந்தால் அவளுக்குச் சுருங்குகிற அதே புருவம். நான் வாயை மூடினேன். மறுபடி "சுமைகாரங்க" என்று தொடங்கினேன். மறுபடி சுருங்கியது.

ஓடிப்போய் நர்ஸிடம், வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னேன்.

நுனி

மூச்சுக் குழாய் எடுத்த பிறகு இசக்கிக்குக் குரல் வர நாளாயிற்று. வந்த குரல் காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. முருகேசன் கையைப் பிடித்தபடி நின்றான். அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மூக்குல கொழாயச் செருகிக் கெடக்கவட்ட சாப்ட்டியான்னு கேட்ட பாரு. எந்திரிச்சு ஒண்ணு குடுக்கலாம்னா கை வரல."

"வேற என்னத்தக் கேக்க?"

"அந்த டாக்டரு லீவுல போனாலும் போனாவ, சுமைகாரனத் தூக்கு எறக்குன்னு என்னப் படுத்துன பாடு இருக்கே. கண்ணத் தொறக்க முடியல, வையவும் முடியல. புருவம் ஒண்ணுதான் கெடச்சுது."

முருகேசன் சிரித்துக்கொண்டே அழுதான். அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "சாயங்காலம் எப்ப வரும்னு கெடப்பேன் யக்கா. மேல் வலிக்கும்போதெல்லாம் அந்த வெள்ளத் துணி ஒண்ணொண்ணா ஏறுத மாதிரி நெனச்சுக்குவேன். நீ இவ்வளவு பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா, வைட்டிலாவுலயே கெடன்னு விட்டிருப்பேன்."

பிறகு கேட்டாள்: "கதய முடிக்கலயே. நுனியில என்ன?"

நுனியைக் கடைசியாகச் சொன்னேன். மொக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத பைகள் நிறைய இருக்கின்றன. சேதி வந்து சேர்ந்ததும் பை திறந்து மருந்து மாதிரி ஒன்றைச் சிந்தும். அந்தப் பக்கம் தசை. மொக்கும் தசையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஓர் இடைவெளி. அதைத் தாண்டிப் போய்த்தான் சேதி விரலை அசைக்கிறது. ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் இவ்வளவும் நடக்கிறது.

இசக்கி தன் வலது கைச் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அன்று மடங்கவில்லை. அடுத்த வாரம் மடங்கியது.

மைதானம்

வீட்டுக்கு வந்தபின் பள்ளுருத்தியிலிருந்து ஒரு பெண் வந்து கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். டாக்டர் சொன்ன மாதிரி மேலிருந்து கீழாகத்தான் எல்லாம் திரும்பியது. தோள், முழங்கை, விரல். தொடை, முழங்கால். இசக்கி நடை வண்டியைப் பிடித்து நின்றாள், பிறகு கோலை ஊன்றி நடந்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிய நாளில் முருகேசன் சாயாக்கடையில் எல்லாருக்கும் பரிப்புவடை வாங்கிக் கொடுத்தான்.

பாதம் மட்டும் வரவில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. நான் எடுத்து மாட்டிவிடுவேன்.

தினமும் காலையில் மைதானத்துக்கு வருவாள். அந்தப் புல்லில்லாத இடத்தில் வெறுங்காலோடு நிற்பாள். கண்ணை மூடுவாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் ஸ்டூலில் உட்காருவாள். நாங்கள் வானத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டோம். பல நாள் நனைந்தது. "நிலையம் எப்பத் தெறக்கும்?" என்று ராசு அண்ணாச்சி ஒருமுறை கேட்டார். அவள் கோலை ஊன்றிக்கொண்டு ஸ்டூலுக்குப் போனாள். பிறகு அவர் கேட்கவில்லை.

நான் மட்டும் அவள் நிற்கும்போது பக்கத்தில் நின்று மனதுக்குள் வழித்துக்கொண்டு போவேன். முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால். சுமைகாரர்கள் எந்த இடத்தில் நடந்துகொண்டிருப்பார்களோ என்று.

ஒரு மழைக்காலம் முழுதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை. மேகம் தாழ்ந்து, கிழக்கே வெளிச்சம் சரியாக வராத நேரம். ராசு அண்ணாச்சி நிறத்துணிக் கூடையைக் கொடிக்கு அடியில் வைத்துவிட்டார். நானும் எங்கள் நிறத்துணிக் கூடையைத்தான் எடுத்தேன்.

இசக்கி நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் திரும்பிவிடுகிற நேரம் தாண்டியும் நின்றாள். கோலை வாங்கிக்கொள்ளச் சொல்லி என் பக்கம் நீட்டினாள். வலது காலின் பெருவிரலை மண்ணில் ஒருமுறை அழுத்தினாள். எடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.

"யக்கா."

"என்னளா?"

"ஊசி குத்துத மாதிரி இருக்கு. பேசாத, இரு."

பேசாமல் இருந்தேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முருகேசன் தொட்டியில் துணியை ஓங்கியவன் அடிக்காமல் நின்றான்.

"ஈரம் கீழ எறங்குது" என்றாள் இசக்கி. "வெள்ளை போடு."

வானம் மூடித்தான் கிடந்தது. நிறத்துணிக் கூடையை அப்படியே கீழே வைத்தேன். ராசு அண்ணாச்சி தன் கொடியில் செருகியிருந்த ஒரு சிவப்புச் சேலையின் முனையை உருவிக்கொண்டிருந்தார். நான் வெள்ளைக் கூடையைத் தூக்கி, முதல் வேட்டியின் முனையைக் கயிற்று முறுக்குக்குள் செருகினேன். கொஞ்சம் கயிறு விட்டு, அடுத்த வேட்டி.